வாஷ் அவே: தண்ணீரோடு போனதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். மேஜை முழுக்கக் காபிக் கோப்பைகள். எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். நல்ல பெயர் வாங்க வேண்டுமே என்று கையோடு ஒரு செய்தியும் அனுப்பினேன்: "ஐ ஹேவ் வாஷ்ட் அவே ஆல் தி கப்ஸ்." கோப்பைகளை எல்லாம் கழுவிவிட்டேன் என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட மேலாளர் ஒரே வரியில் கேட்டார்: "எந்தக் கடலுக்குப் போயின?"

அந்தக் கேலியின் பொருள் புரிய எனக்கு ஒரு நாள் ஆனது. தப்பு எங்கே நடந்தது என்று புரிய இன்னும் நாளானது. "கழுவிவிட்டேன்" என்பதில் வரும் "விட்டேன்"தான் என்னைக் கவிழ்த்தது. கழுவு என்பதற்கு வாஷ் இருக்கிறது, "விட்டேன்" என்பதற்கும் ஏதாவது போட வேண்டாமா என்று மனசு தேடி, அவே என்ற சொல்லை எடுத்து ஒட்டிவிட்டது. தமிழில் "விடு" வேலை முடிந்ததைத்தான் சொல்கிறது. ஆங்கில அவே அப்படி இல்லை. ஒரு பொருள் இருந்த இடத்தை விட்டே போய்விட்டது என்று அது சொல்கிறது. கழுவி முடித்தேன் என்று சொல்ல நினைத்து, கோப்பைகளைத் தண்ணீரோடு அனுப்பிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இனி வரும் ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள். இந்தச் சொற்றொடர் கண்ணால் படித்து வருவதில்லை, நாக்கில் பழகித்தான் வரும்.

முதல் படி: குழாயடிக்குப் போங்கள்

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காபி குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த கோப்பை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் காய்ந்து ஒட்டியிருக்கும். குழாயைத் திறந்து, தண்ணீர் நேராக அந்த வளையத்தின் மேல் விழும்படி பிடியுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் வளையத்தின் ஓரம் கொஞ்சம் மங்கும். ஒரு மெல்லிய பழுப்பு இழை பிரிந்து, தண்ணீரோடு ஒரு சுற்றுச் சுற்றி, விளிம்பைத் தாண்டி வழியும். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் வளையம் காணாமல் போய்விடும். கோப்பை மட்டும் உங்கள் கையில் இருக்கும்.

இப்போது ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். "ஐ வாஷ்ட் தி கப்." கோப்பையைக் கழுவினேன். "தி வாட்டர் வாஷ்ட் அவே தி ஸ்டெயின்." தண்ணீர் கறையைக் கொண்டுபோய்விட்டது. முதல் வாக்கியத்தில் பின்னால் வரும் பொருள் கோப்பை, அது அங்கேயே இருக்கிறது. இரண்டாவதில் பின்னால் வருவது கறை, அது போய்விட்டது.

இதுதான் விஷயமே. வாஷ் அவே என்ற சொற்றொடருக்குப் பக்கத்தில் எந்தப் பொருளை வைக்கப் போகிறீர்களோ, அதைப் பற்றி உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: வேலை முடிந்த பிறகு அது அங்கே இருக்குமா? இருக்கும் என்றால் வெறும் வாஷ் போதும். இருக்காது என்றால் வாஷ் அவே. காரை வாஷ் செய்யலாம். காரின் மேல் படிந்த சேற்றை வாஷ் அவே செய்யலாம். வெள்ளம் வந்து காரையே இழுத்துக்கொண்டு போனால் மட்டும்தான் காரும் அவே.

தமிழர்களுக்கு இது ஏன் குழப்புகிறது என்றால், நம் "கழுவு" இரண்டு பக்கமும் ஈடுகொடுக்கும். கோப்பையைக் கழுவினேன் என்கிறோம், கறையைக் கழுவினேன் என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் அதே "ஐ" உருபு. எது தங்கியது, எது போனது என்பது கேட்பவருக்கே தெரியும் என்று விட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் அவே என்ற சின்னச் சொல் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது.

அந்தச் சொல் பிறந்த கதையும் நினைவில் வைக்க உதவும். பழைய ஆங்கிலத்தில் அது இரண்டு சொற்கள்: "மேல்" என்ற பொருள் தரும் "ஆன்", "வழி" என்ற பொருள் தரும் "வெய்". வழிமேல், அதாவது கிளம்பிப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். நாளடைவில் இரண்டும் ஒட்டி அவே ஆயிற்று. நாம் ஆட்களை வழியனுப்புவது போல, தண்ணீர் கறையை வழியனுப்பி வைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பையை யாரும் வழியனுப்பமாட்டார்கள்.

இரண்டாம் படி: யார், எதை, எங்கிருந்து, எதனால்

வாக்கியத்தின் முதலில் நிற்பது பெரும்பாலும் தண்ணீர் அல்லது தண்ணீர் சார்ந்த ஏதாவது ஒன்று: மழை, அலை, ஆறு, வெள்ளம், கண்ணீர். மனிதரும் நிற்கலாம். "ஷி வாஷ்ட் அவே தி பிளட்." அவள் இரத்தத்தைக் கழுவி நீக்கினாள். அப்போதும் பின்னணியில் தண்ணீர் இருப்பதாகத்தான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். காய்ந்த துணியால் துடைத்திருந்தால் அது "வைப் அவே", வேறு சொல்.

எங்கிருந்து போனது என்று சொல்ல "ஃப்ரம்". "தி ரெயின் வாஷ்ட் தி டஸ்ட் அவே ஃப்ரம் தி லீவ்ஸ்." மழை இலைகளில் இருந்த தூசியைக் கழுவிவிட்டது. எதைக் கொண்டு என்று சொல்ல "வித்". "வாஷ் அவே தி கிரீஸ் வித் சோப்." சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கு.

சோப்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கை கழுவுவது பற்றிய ஆங்கில அறிவுரைகளில் "வாஷ் அவே ஜெர்ம்ஸ்" என்றும் "கில் ஜெர்ம்ஸ்" என்றும் இரண்டும் வரும். இரண்டும் ஒன்றில்லை. சோப்பு மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். அது தோலில் ஒட்டியிருக்கும் அழுக்கையும் கிருமியையும் பெயர்த்துத் தண்ணீர் கையில் கொடுத்துவிடுகிறது, தண்ணீர் கொண்டுபோகிறது. 20 விநாடியாவது தேய்க்கச் சொல்வது இந்தப் பெயர்க்கும் வேலைக்கு நேரம் வேண்டும் என்பதால்தான். கையில் பூசிக்கொள்ளும் சானிடைசர் பல கிருமிகளைக் கொல்லும், ஆனால் எதையும் எங்கும் கொண்டுபோகாது. ஆகவே "சானிடைசர் வாஷஸ் அவே ஜெர்ம்ஸ்" என்று எழுதினால் இலக்கணம் சரி, விஷயம் தப்பு.

மூன்றாம் படி: "இட்" எங்கே உட்காரும்

புதிதாகப் பழகுபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. நின்று நிதானமாகப் பாருங்கள்.

பெயர்ச்சொல் வந்தால் இரண்டு இடத்திலும் வைக்கலாம். "வாஷ் அவே தி ஸ்டெயின்" சரி. "வாஷ் தி ஸ்டெயின் அவே" என்பதும் சரி. பொருளில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. ஆனால் இட், தெம், ஹிம், ஹெர், மீ, அஸ் போன்ற மாற்றுப்பெயர் வந்தால் ஒரே இடம்தான், நடுவில். "வாஷ் இட் அவே" என்பது மட்டுமே சரி. "வாஷ் அவே இட்" என்று யாரும் சொல்வதில்லை.

விதி என்று மனப்பாடம் செய்வதைவிட, காதில் கேட்டால் தங்கும். ஆங்கில வாக்கியத்தின் கடைசியில் கனமான சொல் விழுந்தால்தான் காதுக்கு நிறைவாக இருக்கும். "இட்" என்பது காற்று மாதிரி, கனமே இல்லை. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று ஏற்கெனவே தெரிந்த பிறகு வரும் சொல் அது. அதைக் கடைசியில் வைத்தால் படியிறங்கும்போது இருப்பதாக நினைத்த கடைசிப் படி இல்லாதது போல இருக்கும். "வாஷ் இட் அவே" என்று சொல்லி, "வே"யில் அழுத்துங்கள். கால் தரையில் ஊன்றியது போல வாக்கியம் முடியும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. பெயர்ச்சொல் மிக நீளமாக இருந்தால் அதை நடுவில் திணிக்காதீர்கள். "தி ரெயின் வாஷ்ட் அவே தி சாக் டிராயிங்ஸ் தட் தி சில்ட்ரன் ஹேட் மேட் ஆன் தி வால்." குழந்தைகள் சுவரில் சாக்குக்கட்டியால் வரைந்திருந்த படங்களை மழை அழித்துவிட்டது. இதில் அவே கடைசிக்குப் போனால், அது வந்து சேர்வதற்குள் படிப்பவர் வாஷ்ட் என்பதையே மறந்திருப்பார். நமக்கு இது உறைக்காது. தமிழில் எவ்வளவு நீளமாகச் சொன்னாலும் வினைச்சொல்லைக் கடைசிவரை பிடித்துவைத்துக் காத்திருப்பது நமக்குப் பழக்கம். ஆங்கிலம் படிப்பவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனால் எழுதி முடித்ததும் வாஷ் என்ற சொல்லுக்கும் அவே என்ற சொல்லுக்கும் நடுவில் எத்தனை சொற்கள் என்று எண்ணிப் பாருங்கள். நாலைந்து தாண்டினால் அவே முன்னால் வரட்டும். இது இலக்கண விதி அல்ல, நான் எனக்காக வைத்துக்கொண்ட அளவு.

நான்காம் படி: அடித்துச் செல்லப்பட்டது

செய்திகளில் இந்தச் சொற்றொடரை நீங்கள் அதிகம் பார்க்கப்போவது செயப்பாட்டு வினையில்தான். "தி பிரிட்ஜ் வாஸ் வாஷ்ட் அவே." பாலம் அடித்துச் செல்லப்பட்டது. யார் செய்தது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, தண்ணீர் என்பது வாஷ் என்ற சொல்லிலேயே இருக்கிறது.

சொல்ல வேண்டுமென்றால் "பை தி ஃப்ளட்" என்று சேர்க்கலாம். நாம் "வெள்ளத்தில்" என்று சொல்வதால் பலருக்கு "இன் தி ஃப்ளட்" என்றுதான் வாயில் வரும். பயப்பட வேண்டாம், அதுவும் சரிதான். "பை" என்றால் வெள்ளம் செய்தது, "இன்" என்றால் வெள்ளத்தின்போது நடந்தது. "வித் தி ஃப்ளட்" மட்டும் வேண்டாம்.

எது போனது, எது நின்றது என்று பிரித்துச் சொல்லப் பழக எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ஹோண்டுராஸ் நாட்டின் சொலுடேக்கா பாலம். 1998-இல் மிட்ச் என்ற சூறாவளி அந்த நாட்டைப் புரட்டிப்போட்டது. ஆற்றின் மேல் புதிதாகக் கட்டியிருந்த அந்தப் பாலம் அசையாமல் நின்றது. ஆனால் அதன் இரண்டு பக்கமும் வந்து சேர்ந்த சாலைகள் காணாமல் போயின. போதாக்குறைக்கு ஆறு தன் போக்கையே மாற்றிக்கொண்டு, பாலத்துக்கு அடியில் ஓடாமல் பக்கத்தில் ஓடியது. எங்கிருந்தும் வராத, எங்கும் போகாத பாலம். "தி பிரிட்ஜ் வாஸ் வாஷ்ட் அவே" என்று எழுதினால் அங்கே பொய்யாகிவிடும். "தி பிரிட்ஜ் சர்வைவ்ட், பட் தி ரோட்ஸ் வேர் வாஷ்ட் அவே." இதுதான் நடந்தது.

இங்கிலாந்தில் டாலிஷ் என்ற ஊரில் கடலை ஒட்டியே ரயில் பாதை போகிறது. 2014 பிப்ரவரிப் புயலில் அங்கே கடல் சுவரின் ஒரு பகுதியும் அதன் பின்னால் இருந்த மண்ணும் போய்விட்டன. தண்டவாளம் மட்டும் கட்டைகளோடு அந்தரத்தில் தொங்கியது. இங்கேயும் வாஷ்ட் அவே ஆனது சுவரும் மண்ணும், தண்டவாளம் இல்லை. "தி வால் வாஸ் வாஷ்ட் அவே, அண்ட் தி டிராக் வாஸ் லெஃப்ட் ஹேங்கிங்." கோப்பையும் கறையும் நினைவிருக்கிறதா? அதே கணக்குதான்.

தண்ணீருக்கு மேல் இருந்தது விழுந்தால் எல்லாமே வாஷ் அவே ஆகிவிடாது. ஸ்காட்லாந்தில் டே ஆற்றின் மேல் இருந்த ரயில் பாலம் 1879 டிசம்பர் 28 இரவு ஓடும் ரயிலோடு ஆற்றுக்குள் விழுந்தது. அன்று அடித்தது புயல் காற்று. கீழே ஆறு இருந்தது உண்மை, ஆனால் பாலத்தைச் சாய்த்தது ஆறு இல்லை. காற்று சாய்த்தால் "ப்ளோன் டவுன்".

ஆட்களும் வண்டிகளும் வெள்ளத்தில் போனால் "ஸ்வெப்ட் அவே" என்ற சொல் இன்னும் பொருத்தம். வேகமாக இழுத்துக்கொண்டு போவதை அது காட்டும். அமெரிக்க வானிலைத் துறையின் எச்சரிக்கையில் "கேரி அவே" என்று இருக்கும். வேகமாக ஓடும் தண்ணீர் 12 அங்குலம், அதாவது சுமார் 30 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே பெரும்பாலான கார்களைக் கொண்டுபோய்விடும் என்கிறது அது. முழங்கால்கூட இல்லை. தமிழில் மூன்றுக்கும் "அடித்துக்கொண்டு போனது" என்ற ஒன்றே போதும். ஆங்கிலத்தில் மண், சாலை, பாலம், கறை என்றால் வாஷ், ஆளும் வண்டியும் என்றால் ஸ்வீப் என்று பழகினால் இயல்பாக இருக்கும்.

இன்னும் நடந்துகொண்டிருந்தால் "இஸ் பீயிங் வாஷ்ட் அவே". கரை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது: "தி பேங்க் இஸ் பீயிங் வாஷ்ட் அவே." பேச்சில் "வாஸ்" இருக்கும் இடத்தில் "காட்" போடுவார்கள்: "தி பாத் காட் வாஷ்ட் அவே." கடிதத்தில் வேண்டாம்.

தானாகவே போனது போலவும் சொல்லலாம். "தி சாயில் வாஷ்ட் அவே." மண் கரைந்து போயிற்று. யார் செய்தது என்ற பேச்சே இல்லை. ஆனால் பாறை பல காலம் தண்ணீர் உரசி உரசித் தேய்ந்தால் அது "வேர் அவே". கெட்டியாக இருப்பது தேயும், தளர்வாக இருப்பது அடித்துக்கொண்டு போகும். அதுதான் இரண்டுக்கும் வேறுபாடு.

ஐந்தாம் படி: வாயில் வர வைப்பது

மூன்று சின்ன விஷயம். முதலாவது, "வ". நம் "வ"வுக்குக் கீழுதடு மேல்பல்லை லேசாகத் தொடப் போகும். இங்கே தொடக்கூடாது. விசில் அடிக்கப் போவது போல உதட்டைக் குவித்து "உவா" என்று ஆரம்பியுங்கள். பிரிட்டனில் "வொஷ்" என்பது போலவும் அமெரிக்காவில் பெரும்பாலும் "வாஷ்" என்பது போலவும் கேட்கும். இரண்டில் எது வேண்டுமானாலும் பழகலாம்.

இரண்டாவது, இறந்தகாலம். எழுத்தைப் பார்த்து "வாஷெட்" என்று சொல்லாதீர்கள், "வாஷ்டு" என்று உகரம் போட்டு இழுக்கவும் வேண்டாம். "பாட்டு" என்பதில் வரும் வல்லின ட். அதைத் தொட்டதும் நிறுத்துங்கள்: வாஷ்ட்.

மூன்றாவது, அந்த ட் அடுத்த சொல்லின் அகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். "வாஷ்ட் அவே" பேச்சில் "வாஷ்டவேய்" ஆகிவிடும், அழுத்தம் "வேய்" மேல். தமிழில் "கால் அடி" காலடி ஆவது போல. உயிர்வரின் ஒட்டுவது நமக்குப் பழக்கம்தானே. "வாஸ் வாஷ்டவேய்" என்று பத்து முறை வேகமாகச் சொல்லுங்கள். ஆறாவது முறை நாக்கு சிக்கும், பத்தாவதில் சரியாகிவிடும்.

ஆறாம் படி: பக்கத்து வீட்டுச் சொற்கள்

வாஷ் என்ற சொல்லுக்குப் பின்னால் வேறு சின்னச் சொல் வந்தால் பொருள் மாறிவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விழுங்க வேண்டாம்.

மிக நெருங்கியது "வாஷ் ஆஃப்". மேலே ஒட்டியிருப்பது அகல்வதை அது சொல்கிறது. காலணியில் இருந்த சேறு, கையில் பட்ட மை. பல இடங்களில் இதையும் வாஷ் அவே என்பதையும் மாற்றி மாற்றிப் போடலாம். ஒட்டியிருந்த இடம் உங்கள் மனதில் முன்னால் நின்றால் ஆஃப், போய்விட்டது என்பதே முக்கியம் என்றால் அவே. பாலம் வாஷ் ஆஃப் ஆகாது.

"வாஷ் அவுட்" உள்ளே இருப்பதைப் பற்றியது: புட்டியின் உட்புறத்தை அலசுவது, துணிக்குள் ஊறிய கறையைப் போக்குவது. மழையால் ஆட்டம் நின்றுபோனாலும் "வாஷ்ட் அவுட்". இதை நாம் தமிழிலேயே "ஆட்டம் வாஷ் அவுட்" என்று சொல்கிறோம், அதனால் மறக்காது. தொடர் முழுக்கத் தோற்றால் சொல்லும் "ஒயிட்வாஷ்" வேறு கதை. வெளிறிப்போன நிறமும் களைத்துப்போன முகமும் கூட "வாஷ்ட் அவுட்"தான்.

"வாஷ் டவுன்" என்றால் தொண்டைக்குள் இறக்குவது. மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது. மேலிருந்து கீழாகத் தண்ணீர் அடித்துச் சுவரையோ தரையையோ கழுவுவதும் அதுவே.

"வாஷ் அப்" தான் கொஞ்சம் விஷமம். பிரிட்டனில் அது பாத்திரம் கழுவுவது, அமெரிக்காவில் கை முகம் கழுவுவது. சாப்பாட்டுக்கு முன் ஓர் அமெரிக்கர் "வாஷ் அப்" என்றால் பாத்திரம் தேடி அலையாதீர்கள். அலை எதையாவது கொண்டுவந்து கரையில் போட்டாலும் "வாஷ்ட் அப்". கவனித்தீர்களா, தண்ணீர் கொண்டுபோனால் அவே, கொண்டுவந்து சேர்த்தால் அப். வாய்ப்பிழந்து ஓரங்கட்டப்பட்ட ஆளையும் அப்படிச் சொல்வார்கள், அது மரியாதையான சொல் இல்லை.

ஏழாம் படி: தண்ணீர் இல்லாத இடத்தில்

பாவம், குற்ற உணர்வு, பயம், கவலை, களைப்பு. இவையும் வாஷ் அவே ஆகும். "பாவத்தைக் கழுவு" என்று நாமும் சொல்வதால் இதில் சிரமமே இல்லை. கிறிஸ்தவ சமய மொழியில் "வாஷ் அவே சின்ஸ்" மிகப் பழைய வழக்கு. "தி மியூசிக் வாஷ்ட் அவே மை டயர்ட்னெஸ்" என்றால் இசை என் களைப்பைப் போக்கியது. அழகான வாக்கியம்தான். ஆனால் ஒரு பக்கத்தில் ஒரு முறைக்கு மேல் இப்படி எழுதினால் சலித்துப்போகும்.

சிக்கல் நம் மரபுத்தொடர்களை அப்படியே கொண்டுபோகும்போது வரும். "என்னைக் கைகழுவிவிட்டான்" என்பதை "ஹி வாஷ்ட் மீ அவே" என்று சொன்னால், அவன் உங்களைத் தண்ணீரில் தள்ளிவிட்டான் என்று கேட்பவர் பதறுவார். ஆங்கிலத்திலும் கை கழுவுதல் உண்டு, வடிவம்தான் வேறு: "ஹி வாஷ்ட் ஹிஸ் ஹேண்ட்ஸ் ஆஃப் மீ." அவே கிடையாது. இதில் வரும் "ஆஃப்" மென்மையாக "ஆவ்" என்று ஒலிக்கும், முன்னே சொன்ன "வாஷ் ஆஃப்" அல்ல.

இன்னொன்று, யாரையாவது கண்டபடி விமர்சித்தால் "கழுவிக் கழுவி ஊத்திட்டாங்க" என்கிறோமே, அதற்கும் வாஷ் அவே என்ற சொற்றொடருக்கும் சம்பந்தமே இல்லை. என் நண்பர் ஒருவர் ஒரு படத்தைப் பற்றி "தி கிரிட்டிக்ஸ் வாஷ்ட் இட் அவே" என்று எழுதியிருந்தார். விமர்சகர்கள் தண்ணீர் லாரியோடு வந்ததாக நான் கற்பனை செய்துகொண்டேன்.

எட்டாம் படி: பயிற்சி

ஒரு வாரம் போதும். தண்ணீரைத் தொடும்போதெல்லாம் மனதுக்குள் இரண்டு வாக்கியம் சொல்லுங்கள்: எது தங்கியது, எது போனது. பல் துலக்கும்போது, தரை கழுவும்போது, மழையில் நனைந்த வண்டியைப் பார்க்கும்போது. நாலாவது நாளிலிருந்து இரண்டாவது வாக்கியத்தில் பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு "இட்", "தெம்" போடுங்கள்.

கீழே இருப்பவற்றைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பிறகு சரிபாருங்கள்.

மழை என் காலடித் தடங்களை அழித்துவிட்டது. "தி ரெயின் வாஷ்ட் அவே மை ஃபுட்பிரின்ட்ஸ்." அவே கடைசியில் வந்தாலும் சரி.

மணலில் பெயர் எழுதினேன், அலை அதை அழித்துவிட்டது. "ஐ ரோட் மை நேம் இன் தி சேண்ட், அண்ட் எ வேவ் வாஷ்ட் இட் அவே." "இட்" நடுவில் இல்லையென்றால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

மழை பெய்யப் பெய்ய விதைகள் அடித்துக்கொண்டு போகின்றன. "தி சீட்ஸ் ஆர் பீயிங் வாஷ்ட் அவே."

அவன் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தான். இங்கே அவே வராது. "ஹி வாஷ்ட் தி பில் டவுன் வித் வாட்டர்."

ஒரு பழைய படகு கரை ஒதுங்கியது. "ஆன் ஓல்ட் போட் வாஸ் வாஷ்ட் அப்."

எல்லாக் கோப்பைகளையும் கழுவிவிட்டேன். "ஐ ஹேவ் வாஷ்ட் ஆல் தி கப்ஸ்." மேலாளர் பிரிட்டன்காரர் என்றால் "ஐ ஹேவ் டன் தி வாஷிங் அப்" என்றும் அனுப்பலாம்.